பேரியரா, பேரிகேடா? தடுப்பைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்தன்று சாலையின் குறுக்கே நிறுத்தும் இரும்புச் சட்டமும், லெம்பலக்குடி சுங்கச்சாவடியில் வண்டிக்கு முன் இறங்கும் தடியும் தமிழில் 'தடுப்பு'தான். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலாவது பேரிகேட், இரண்டாவது பேரியர். தேர்வுத் தாளிலும் திருவிழா அறிவிப்பிலும் செட்டிநாட்டு வீட்டு விடுதிகள் விருந்தினருக்கு ஒட்டிவைக்கும் குறிப்புகளிலும் இவை இடம் மாறி விழுவது வழக்கமாக இருக்கிறது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். அகராதி தரும் ஒரு வரி விளக்கத்தை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு நேராக வாக்கியம் எழுதப் போகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலில் தடுப்பைப் பார்க்க வேண்டும், அடுத்தது சொல்லின் எல்லை, அதற்குப் பிறகு இலக்கணம், கடைசியில் எழுத்தும் உச்சரிப்பும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கற்போருக்காக எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கில–தமிழ் அகராதி இந்த வேலைக்கு மட்டும் உதவாது. இரண்டு சொற்களுக்கும் அது 'தடை, தடுப்பு, தடுப்பரண்' என்று ஏறக்குறைய ஒரே வரியைத்தான் தரும். வேறுபாட்டைத் தேடிப் போகிறவரை ஒற்றுமையிலேயே நிறுத்திவிடும்.

நடுவில் கோடு போட்ட ஒரு தாளும் வேண்டும். இடப்பக்கம் பேரியர், வலப்பக்கம் பேரிகேட். அகராதியில் இருந்து விளக்கத்தை எடுத்து எழுதாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்தாறு போதும். சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பது வாக்கியத்தில்தான் தெரியும். ஐந்தாம் படியில் இந்தத் தாள்தான் துணை.

2. சொல்லை விட்டுவிட்டுத் தடுப்பையே பாருங்கள்

எழுதப்போகிற தடுப்பை மனதில் நிறுத்தி நான்கு கேள்விகள் கேளுங்கள்.

கையால் தொட முடியுமா? முடியாது என்றால் கேள்வி முடிந்தது, அது பேரியர். வெட்கம், வறுமை, மொழி தெரியாமை, வயது வரம்பு எல்லாமே இந்தப் பக்கம்தான்.

மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா? மலைத்தொடர், பவளத்திட்டு, அடர்ந்த காடு போன்றவை பேரியர். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையை ஒட்டி 2,300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பவளத்திட்டுக்குக் கிரேட் பேரியர் ரீஃப் என்று பெயர். இயற்கை அமைத்ததைப் பேரிகேட் என்று யாரும் எழுதமாட்டார்கள்.

வழியை அடைக்கிறதா? பேரிகேட் வருமிடத்தில் ஒரு வழி இருக்க வேண்டும். சாலை, தெரு, வாசல், பாலம் என்று ஆட்களோ வண்டியோ போகக்கூடிய ஒன்று. தண்ணீர், சத்தம், கிருமி, துரு ஆகியவற்றைத் தடுப்பது பேரியர்.

திறந்து மூடுகிறதா, வைத்து எடுக்கிறார்களா? புதிதாகப் படிப்பவர்களுக்கு அதிகம் உதவுவது இந்தக் கேள்விதான். சுங்கச்சாவடித் தடி பணம் கட்டியதும் உயரும், அடுத்த வண்டிக்கு இறங்கும்; திறந்து மூடுவதற்கென்றே வடிவமைத்தது. லண்டனில் 1984-இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட தேம்ஸ் பேரியரும் அப்படித்தான். கடல் வெள்ளம் ஏறும்போது அதன் மதகுகள் எழும்பும், மற்ற நேரத்தில் கப்பல் போகும். பேரிகேடைத் திறப்பதில்லை. வேலை முடிந்ததும் தூக்கி ஓரமாக வைப்பார்கள், அல்லது பிரித்துப் போடுவார்கள்.

நான்குக்கும் விடை கிடைத்தபின் அகராதியைத் திறங்கள். முன்கூட்டியே திறந்தால் முதல் வரியில் கண்ணில் படும் சொல்லைப் பிடித்துக்கொள்வீர்கள்.

3. பேரியரின் பரப்பை அளந்துகொள்ளுங்கள்

பேரியர் அகலமான சொல். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்து நிறுத்துவது, அல்லது முன்னேற விடாமல் செய்வது எதுவும் அதற்குள் அடங்கும். முழுதாக நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஒலித்தடுப்பு, சத்தத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. அதுவும் பேரியர்தான்.

நெடுஞ்சாலை வளைவுகளிலும் பாலத்தின் முகப்பிலும் தூண்களில் பொருத்திய நெளிந்த இரும்புத் தகடு நிற்கிறதே, அது கிராஷ் பேரியர். ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழக்கும்போது வண்டியைப் பள்ளத்தில் விழாமல் மீண்டும் சாலைப் பக்கம் திருப்புவது அதன் வேலை. பொறியியல் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சாலைப் பொறியியல் விதிமுறைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வெளியிட்ட ஐ.ஆர்.சி. 119 வழிகாட்டி பேரியர் பற்றியது. சாலைப்பணி நடக்கும் இடத்தில் போக்குவரத்தைக் கையாளும் முறைக்கு ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்று தனி வழிகாட்டி இருக்கிறது. பணி நடக்கும் பாதையை அடைக்கும் பேரிகேட் அதில் வரும். நிரந்தரமாகப் பதித்தது ஒன்று, பணி முடிந்ததும் எடுத்துவிடுவது மற்றொன்று. ஒப்பந்தப் புள்ளியிலோ மதிப்பீட்டிலோ இரண்டையும் மாற்றி எழுதினால் வாங்கும் சாமானே மாறிப்போகும்.

அறிவியலில் பேரியர் மட்டுமே வரும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால் அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவது பற்றிய துறை, இந்தப் பக்கத்து மாணவர்களுக்குப் பழக்கமானது. இரும்பின் மேல் பூசிய பூச்சு நீரையும் ஆக்சிஜனையும் உள்ளே விடாமல் தடுத்தால் அதைப் பேரியர் கோட்டிங் என்பார்கள். ரத்தத்தில் உள்ள பல பொருட்கள் மூளைக்குள் நுழையாதபடி வடிகட்டும் அமைப்பு பிளட்-பிரெய்ன் பேரியர்.

எண்ணுக்கும் பேரியர் உண்டு. தாண்ட முடியாது என்று நினைத்திருந்த ஓர் அளவை ஒருவர் தாண்டும்போது அந்தச் சொல் வரும். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட முடியாது என்று நம்பிய காலத்தில், 1954 மே 6 அன்று ரோஜர் பேனிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார். அவர் உடைத்தது நான்கு நிமிட பேரியர். அதே போல, சக் யேகர் 1947 அக்டோபர் 14 அன்று விமானத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டியது சவுண்ட் பேரியரை உடைத்த நிகழ்வு.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்குக் கனமான இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேரியர் என்பதற்குத் தனி விளக்கமே தருகிறது: தகவல்தொடர்பு, பண்பாடு, பொருளாதாரம், சுற்றுச்சூழல், நிறுவனம், அரசியல், சமூகம், மனப்பான்மை, கட்டட அமைப்பு ஆகிய எந்த வகையிலும் ஒருவரின் முழுமையான பங்கேற்பைத் தடுக்கும் காரணி. இந்த வரையறையைச் செட்டிநாட்டு வீட்டில் பொருத்திப் பாருங்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறும் கல்படிகளும், வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள், போகும்போது தாண்ட வேண்டிய உயரமான நிலைப்படியும் சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பேரியர். யாரையும் தடுக்கும் எண்ணத்தோடு அவற்றைக் கட்டவில்லை. ஆனாலும் பேரியர்தான், ஏனென்றால் இந்தச் சொல்லுக்குக் கட்டியவரின் நோக்கம் தேவையில்லை, விளைவு போதும். விடுதி நடத்துபவர்கள் சரிவுப் பாதை அமைத்திருந்தால் பேரியர்-ஃப்ரீ என்று எழுதலாம். அமைக்காமல் எழுதக் கூடாது. அதை நம்பி ஒருவர் பயணத்தையே திட்டமிடுவார்.

4. பேரிகேடின் பரப்பை அளந்துகொள்ளுங்கள்

பேரிகேடுக்கு நோக்கம் வேண்டும். ஒருவர், ஒரு வழியை, வேண்டுமென்றே, பெரும்பாலும் அவசரமாக அடைக்கிறார். கையில் கிடைத்ததை வைத்து அடைத்தாலும் அந்தப் பெயர் பொருந்தும். வேர்ச்சொல்லும் அதைத்தான் சொல்கிறது. பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் பாரிக்; பாரிஸ் தெருக்களில் மண்ணும் கல்லும் நிரப்பிய பீப்பாய்களை உருட்டிவந்து வழியை அடைத்ததில் இருந்து வந்தது பேரிகேட். பேரியரோ குறுக்குக் கம்பியைக் குறிக்கும் பார் என்பதிலிருந்து வந்தது. முதல் ஐந்து எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒரே வேர் என்று நினைத்துவிட வேண்டாம்.

இதனால் பேரிகேடுக்கு இரண்டு முகம் உண்டு. போராட்டக்காரர்கள் டயரையும் மரத்தையும் போட்டு போலீஸை உள்ளே விடாமல் அடைப்பதும் பேரிகேட். போலீஸ் இரும்புச் சட்டம் வைத்துக் கூட்டத்தை நிறுத்துவதும் பேரிகேட். இங்கிலாந்து, பிரான்ஸ் பற்றிய பாடத்தில் பெரும்பாலும் முதல் முகம் வரும், நம் ஊர்ச் செய்தியில் இரண்டாவது. பாடத்தைப் படிக்கும் மாணவர் கோயில் திருவிழாத் தடுப்பை மனதில் வைத்துக்கொண்டால், அந்தப் பத்தியில் யார் யாரைத் தடுக்கிறார் என்பதே தலைகீழாகிவிடும்.

5. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துச் சோதியுங்கள்

தாளில் எழுதிய வாக்கியங்களை எடுங்கள். வலப்பக்கத்தில் பெயர்ச்சொல்லாக வரும் பேரிகேட் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டுப் பேரியர் என்று வைத்துப் படியுங்கள். பெரும்பாலும் வாக்கியம் தவறாகாது, கொஞ்சம் பொதுவாகிவிடும். அடுத்து இடப்பக்கத்தில் பேரியர் இருக்குமிடத்தில் பேரிகேட் வையுங்கள். பாதிக்கு மேல் உடைந்துபோகும். லேங்குவேஜ் பேரிகேட் என்று ஒன்று கிடையாது. ஆக, பேரிகேட் எல்லாமே பேரியர்தான். பேரியர் எல்லாமே பேரிகேட் ஆகாது.

இரண்டும் சரியாக வரும் ஓர் இடம் உண்டு: கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் இரும்புச் சட்டம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதைக் கிரவுட் பேரியர் என்று எழுதுவது சாதாரணம். இந்திய ஆங்கிலத்தில் பேரிகேட் நிலைத்துவிட்டது. நம் ஊர் வாசகருக்கு எழுதினால் பேரிகேட் என்றே எழுதுங்கள், உடனே புரியும்.

6. இலக்கணத்தைப் பொருத்துங்கள்

பொருள் சரியாக இருந்தும் வாக்கியம் தவறாகப் போவது இந்தப் படியில்தான். நிதானமாகச் செய்யுங்கள்.

பேரிகேட் பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். போலீஸ் சாலையைப் பேரிகேட் செய்தது என்ற பொருளில் 'தி போலீஸ் பேரிகேடட் தி ரோட்' சரி. பேரியருக்கு இன்றைய வழக்கில் வினை வடிவம் இல்லை. 'பேரியர்டு' என்று இறந்தகாலம் அமைத்து எழுதுவது மாணவர் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை. வினை வேண்டுமென்றால் பிளாக் என்ற சொல்லை எடுங்கள், அல்லது 'புட் அப் எ பேரியர்' என்று எழுதுங்கள்.

பேரிகேட் வினையாக வரும்போது எதை அடைக்கிறோமோ அது செயப்படுபொருள். அடைக்கப் பயன்பட்ட சாமானுக்கு முன் 'வித்' வரும். சவுக்குக் கட்டையால் தெருவை அடைத்தார்கள் என்றால் தெரு செயப்படுபொருள், சவுக்குக் கட்டைக்கு முன் 'வித்'. உள்ளே புகுந்து கதவை அடைத்துக்கொள்வதற்கு 'பேரிகேட் தெம்செல்வ்ஸ் இன்' என்ற தொடர் இருக்கிறது. முகப்புக் கதவுக்குப் பின்னால் பெட்டி, பெஞ்சு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்கள் என்றால் இந்தத் தொடர்தான். தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தால் லாக் அல்லது போல்ட் போதும்.

பேரியருக்குப் பின் வரும் முன்னிடைச் சொல் பொருளையே மாற்றும். எட்ட நினைக்கும் இலக்குக்கு முன் 'டு' வரும். இருபுறத்தைப் பிரித்தால் 'பிட்வீன்'. பாதுகாப்பாக நின்றால் 'அகெய்ன்ஸ்ட்'. படிப்புக்கு வறுமை தடை என்பதில் 'டு', காளைக்கும் பார்வையாளருக்கும் நடுவில் என்பதில் 'பிட்வீன்', வெள்ளத்துக்கு எதிராக என்பதில் 'அகெய்ன்ஸ்ட்'. தமிழின் 'க்கு' வேற்றுமையைப் பார்த்து எல்லா இடத்திலும் 'ஃபார்' போடுவது அடுத்த பெரிய பிழை. ஆட்களைக் குறிக்கும்போது 'ஃபார்' வரலாம். இலக்கைக் குறிக்கும்போது 'டு'தான்.

அந்த 'டு'வுக்குப் பின் வினையின் மூலவடிவம் வராது. 'பேரியர் டு லேர்னிங்' சரி, 'பேரியர் டு லேர்ன்' தவறு. இங்கே 'டு' முன்னிடைச் சொல். அதனால் பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோ வேண்டும்.

பேரிகேட் எங்கே நிற்கிறது என்று சொல்ல 'அக்ராஸ்', 'அட்', 'ஆன்'. அதன் பின்னால் நிற்கும் ஆட்களுக்கு 'பிஹைண்ட்'. பேரிகேடை வைப்பார்கள், எழுப்புவார்கள், தகர்ப்பார்கள், தாண்டிக் குதிப்பார்கள், அகற்றுவார்கள். பேரியரை உடைப்பார்கள், கடப்பார்கள், நீக்குவார்கள். ஓவர்கம் என்ற வினை பேரியரோடு இயல்பாகச் சேரும், பேரிகேடோடு சேராது.

நம் அரசு அறிக்கைகளிலும் நாளிதழ்களிலும் வரும் பேரிகேடிங் என்பது தடுப்பு அமைக்கும் ஏற்பாடு முழுவதையும் குறிக்கிறது. அதற்குப் பன்மை வேண்டாம். 'பேரிகேடிங்ஸ்' என்று எழுதாமல், எண்ணிச் சொல்ல வேண்டிய இடத்தில் பேரிகேட்ஸ் என்று எழுதுங்கள்.

7. நம் ஊர்ச் சூழலில் எழுதிப் பாருங்கள்

சதுர்த்தித் தேரோட்டத்தன்று பிள்ளையார்பட்டிக்குள் கார் வராதபடி போலீஸ் சாலையை அடைத்தது. வழி இருக்கிறது, ஆள் இருக்கிறார், நோக்கம் இருக்கிறது, தேர் நிலைக்கு வந்ததும் எடுத்துவிடுவார்கள். பேரிகேட், வினையாக எழுதினால் வாக்கியம் சுருக்கமாக அமையும்.

பூக்குழியைச் சுற்றிக் கூட்டம் நெருங்காதபடி கட்டைகளை நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். இங்கே அடைபடுவது சாலை இல்லை, ஓர் இடம் சுற்றி வளைக்கப்படுகிறது. 'பேரிகேடட் ஆஃப்' என்று எழுதலாம். வெறும் கயிறு மட்டும் என்றால் 'ரோப்டு ஆஃப்' இன்னும் துல்லியம்.

சிராவயல் மஞ்சுவிரட்டில் பார்வையாளர் பக்கம் காளை பாயாதபடி இரட்டை வரிசைத் தடுப்பு. தடுப்பின் பெயரைச் சொன்னால் டபுள் பேரிகேட். அது செய்யும் வேலையைச் சொன்னால், காளைக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு பேரியர். ஒரே தடுப்பு, இரண்டு வாக்கியம், இரண்டும் சரி. காளைகளை அடைத்துவைத்துத் திறந்துவிடும் தொழு இரண்டில் எதுவுமில்லை. தொழு என்றே எழுதி, ஒரு வரியில் விளக்கம் கொடுப்பது நல்லது.

கானாடுகாத்தான் வீட்டைப் பார்க்கவந்த பிரெஞ்சுப் பயணிக்குச் சமையல் செய்யும் ஆச்சியோடு பேச முடியவில்லை: லேங்குவேஜ் பேரியர். கண்மாய்க் கரை தண்ணீரை நிறுத்துகிறது. அது செய்யும் வேலையை விளக்கப் பேரியர் வரலாம், ஆனால் அதற்குப் பெயர் பண்ட். தனிப் பெயர் உள்ள ஒன்றுக்குப் பொதுச் சொல்லைப் போட்டால் எதைச் சொல்கிறோம் என்பது வாசகருக்குத் தெரியாமல் போகும். வீட்டின் மதில், தோட்டத்து வேலி, மாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்: வால், ஃபென்ஸ், பாராபெட்.

8. பக்கத்துச் சொற்களோடு குழம்பாதீர்கள்

பிளாகேட் என்ற சொல் ஓசையில் பேரிகேடை ஒட்டி வருவதால் அதிகம் குழப்பும். துறைமுகத்தையோ ஒரு பகுதியையோ சுற்றி வளைத்து, ஆளும் சரக்கும் போகாமல் நிறுத்துவது பிளாகேட். ஒரு தெருவில் வைத்த இரும்புச் சட்டத்துக்கு அது பொருந்தாது. அப்ஸ்டகிள் வழியில் குறுக்கிடுவது, சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஹர்டில் தாண்டுவதற்கென்றே இருப்பது. தாண்டிவிட்டால் அடுத்தது வரும்.

9. கடைசியாக எழுத்தும் உச்சரிப்பும்

இந்தப் படியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பேரிகேட் பெயரா வினையா என்பது முடிவான பிறகுதான் அழுத்தம் எங்கே விழும் என்று சொல்ல முடியும்.

பேரியர்: பி-ஏ-ஆர்-ஆர்-ஐ-இ-ஆர். பேரிகேட்: பி-ஏ-ஆர்-ஆர்-ஐ-சி-ஏ-டி-இ. இரண்டிலும் நடுவில் இரட்டை ஆர். ஒற்றை ஆர் போடுவது பொதுவான பிழை. பேரிகேடில் சி ஒன்றுதான், கே எழுத்து வராது.

பேரியரில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். பேரிகேட் பெயராக வரும்போது முதல் அசையில் அழுத்திச் சொல்வது வழக்கம். வினையாக வரும்போது கடைசி அசையில் அழுத்துவோர் பலர். தமிழில் பேச்சிலும் அச்சிலும் 'பேரிகார்டு' என்றே பரவியிருக்கிறது. தமிழில் பேசும்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை, எல்லாருக்கும் புரிகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஒலியை நம்பி கடைசியில் சி-ஏ-ஆர்-டி என்று போட்டுவிடுவார்கள், அங்கேதான் மதிப்பெண் போகிறது. கடைசி அசையின் ஒலி 'கேய்ட்'. முடிவெழுத்து இ, அதற்கு ஒலி இல்லை.